ஜல்லியாகப் போன நகரம்

கேள்வி: பஞ்சாபின் ஹரப்பாவை முதலில் தோண்டியது யார்?

பதில்: ரயில்வே ஒப்பந்ததாரர்கள்! ராவி ஆற்றின் பழைய கரையில் 4,500 ஆண்டுகளுக்கு முன் செழித்திருந்த நகரம் அது. 19-ஆம் நூற்றாண்டில் லாகூர்–முல்தான் தண்டவாளத்துக்கு ஜல்லி தேவைப்பட்டது. உயரம், அகலம், நீளம் 1:2:4 என்ற விகிதம் பிசகாமல் அறுத்துச் சுட்ட அந்நகரின் செங்கற்களை வண்டி வண்டியாக அள்ளினார்கள். சுமார் 100 மைல் பாதைக்குப் போதுமானதாக இருந்தது என்பது தொல்லியலாளர் கன்னிங்காமின் கணக்கு. அவர் கைக்கு எழுத்துப் பொறித்த முத்திரையே வந்தது. அதிலிருந்த காளைக்குத் திமில் இல்லை; ஆகவே வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்கிவிட்டார். 1921-இல் தயாராம் சாஹ்னி முறையாகத் தோண்டினார். 1924-இல் ஜான் மார்ஷல் சிந்துவெளி நாகரிகத்தை உலகுக்கு அறிவித்தார். முத்திரை எழுத்தை மட்டும் இன்னும் யாரும் படித்தபாடில்லை. படித்துவிட்டதாக அறிவிப்பவர்களுக்குத்தான் பஞ்சமே இல்லை!