முறுக்குப் பெரியம்மா

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் தஞ்சாவூர்ச் சீமையில் இரண்டு பேருக்கு உட்கார நேரமிருக்காது. ஒருவர், சம்பா வயலில் தேங்கிய தண்ணீரை வடியவிட மண்வெட்டியோடு ஓடுகிறவர். இன்னொருவர் முறுக்குப் பெரியம்மா. தெருவுக்கு ஒருத்தி கட்டாயம் உண்டு.

வெளிநாட்டில் குளிர்காலத்தில் வெயில் குறைந்து ஜனங்கள் சோர்ந்துபோவதை 1984இல் நார்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவரும் அவர் சகாக்களும் ஒரு நோயாகவே விவரித்தார்கள். பளீரென்ற விளக்குக்கு முன்னால் உட்காருவது வைத்தியம். நமக்கு மார்கழியிலும் பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம் இருக்கிறது. வாட்டுவது மழை மூட்டம்தான். விளக்கு வைத்தியமும் இங்கே எடுபடாது. நாலு தூறல் விழுந்தாலே முதலில் போவது கரண்ட். இங்கே வைத்தியம் பெரியம்மாவின் அடுப்படியில்தான்: சோர்ந்து வருகிறவனை அவன் கையாலேயே பலகாரம் செய்ய வைத்துவிடுவாள்.

"ஏன்டா, மூஞ்சி தொங்குது?" என்பாள் பெரியம்மா. பதிலுக்குக் காத்திருக்கமாட்டாள். பச்சரிசி ஏற்கெனவே ஊறியிருக்கும்.

பரீட்சையில் கோட்டைவிட்டவனுக்குத் தட்டை. தட்டித் தட்டியே ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். சம்பந்தம் தட்டிப்போனவனுக்கு அதிரசம். பாகுப் பதம் பார்க்கும்போது வேறு முகம் நினைவுக்கு வந்தால் பாகு முற்றிவிடும். சீடை மட்டும் எல்லாருக்கும் கிடையாது. உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டால் எண்ணெயில் வெடிக்கும். "மனசுல எதையும் அடைச்சு வச்சுக்கிட்டு உருட்டாதேடா, வெடிக்கும்!"

முற்றிய கேஸுக்குக் கைமுறுக்கு. நிழலில் உலர்த்திய அரிசியை, தொட்டால் ஈரம் தெரிகிற பதத்தில் அரைத்துச் சலித்து, வறுத்த உளுந்துமாவு, வெண்ணெய், சீரகம், பெருங்காயம் சேர்த்துப் பிசைந்து வைத்திருப்பாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவை முறுக்கிக்கொண்டே வட்டம் போட வேண்டும். முதல் சுற்று பிய்யும். "பிஞ்சா பிய்யட்டும், ஒட்டு." மூன்றாம் சுற்றில் நாக்கு வெளியே துருத்தும். ஐந்தாம் சுற்று முடிந்தால், வந்தவனுக்கு என்ன கவலை என்பது அவனுக்கே ஞாபகமிருக்காது.

பெங்களூரிலிருந்து வந்த மருமகள் ஒருமுறை குக்கீஸ் சுடுகிறேன் என்று மின் அடுப்பில் வைத்தாள். மாவு பாதி வெந்தபோது கரண்ட் போயிற்று. பெரியம்மா அலட்டிக்கொள்ளவில்லை. பிரஷர் குக்கரின் காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றி, அடியில் உப்பைப் பரப்பி, குக்கீஸ் தட்டை உள்ளே வைத்து மூடினாள். ஒன்றைக் கடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள்: "டீக்கடை வெண்ணெய் பிஸ்கட்டு. இதுக்குப் போயி இங்கிலீசுல பேரு!"

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனபோது, இவள் வைத்தியம் எங்கே எடுபடும்? அன்றைக்குப் பெரியம்மாவும் வாய் திறக்கவில்லை. விறகு அடுப்பை மூட்டி உலை வைத்தாள், அவ்வளவுதான்.

பெரியப்பாவுக்குத்தான் வருத்தம். "ஊரான் கவலைக்கெல்லாம் என் வீட்டுக் கடலெண்ணெயா?" என்பார். சாயங்காலம் அவரே மூஞ்சியைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நிற்பார். இப்படிப் போலி நோயாளிகள் தெருவில் பெருகிவிட்டார்கள். பெரியம்மாவுக்கு அதற்கும் பரிசோதனை உண்டு. ஒரு துண்டை நீட்டி, "உப்பு சரியா இருக்கா?" என்பாள். நிஜமாகவே மனசு ஒடிந்தவன் மெல்லாமலே "இருக்கு" என்பான். போலி சப்புக்கொட்டி, "பெருங்காயம் கொஞ்சம் தூக்கல்" என்பான்.

அவனை விரட்டமாட்டாள். அரிசித் தூக்கைக் கையில் கொடுத்து, கொட்டுகிற மழையில் மாவு மில்லுக்கு அனுப்பிவிடுவாள்.