ஜருகண்டி செஸ்

கேள்வி: ஆன்லைன் செஸ்ஸில் நிதானமாக ஆடினால் ஜெயிக்கிறேன். மூன்று நிமிட பிளிட்ஸில் ராணியையே தாரை வார்த்துவிடுகிறேன். நாற்பது வயதாகிவிட்டதாலா? (வாசகர், திருப்பதி)

பதில்: வயதைச் சாக்கு சொல்ல ஆனந்த் விடமாட்டார். 2017-ல் ரியாத்தில் உலக ரேபிட் பட்டம் வென்றபோது அவருக்கு 48. உங்கள் ஆந்திராவின் கோனேரு ஹம்பியோ 2019-ல் வென்ற மகளிர் ரேபிட் பட்டத்தை 2024-ல் நியூயார்க்கில், 37 வயதில், மறுபடி தட்டி வந்தார்.

திருமலையில் மணிக்கணக்காக நின்றவரையும் சன்னிதியில் ‘ஜருகண்டி’ (நகருங்கள்) என்ற குரல் நொடியில் தள்ளிவிடும். வேண்டுதலை வரிசையிலேயே முடிவு செய்தவர்தான் பிழைப்பார். பிளிட்ஸும் அப்படித்தான், முதல் பத்து நகர்த்தல் யோசிக்காமல் வர வேண்டும். நகர்த்தலுக்கு 2 நொடி கூடும் ஆட்டமாக ஆடுங்கள். தோற்றதைத் திரும்பப் பாருங்கள். தொடர்ந்து இரண்டு தோல்வியா? போனை அணையுங்கள். போன ரேட்டிங்கை அன்றிரவே மீட்கக் கிளம்பியவர்கள் மொட்டையாகத்தான் திரும்புகிறார்கள். அதற்கு நீங்கள் மலையேறினாலே போதுமே!