சார்னியாவிலிருந்து ஓட்ஸ் பிஸ்கட்

சார்னியா, ஒன்டாரியோ
திங்கட்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்த பிறகும் அப்பா மெயின் ரோடு டீக்கடையில் உட்கார்ந்து பட்டர் பிஸ்கட்டைத் தோய்த்துத் தோய்த்துத் தின்கிறார் என்று போனில் அழாத குறையாகச் சொன்னாய். கையோடு, "நீ அங்க ஹார்ட்டுக்கு நல்ல பிஸ்கட் சுடுறியாமே, எப்படிடா?" என்றும் கேட்டாய். பின்னாலிருந்து மாமா சிரித்தது எனக்கு நன்றாகக் கேட்டது. வெந்நீர் வைத்தாலும் தீயவிடுகிறவன் நான் என்பது அவருடைய நினைப்பு. போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போடச் சொல்வார், அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவுக்குப் படித்துக் காட்டும்போது சர்க்கரை வரும் இடத்தை மட்டும் தாண்டிவிடு.

ஓட்ஸ் ஒன்றரை கப். தோல் கறுத்த வாழைப்பழம் இரண்டு. அக்ரூட் ஒரு பிடி, பட்டைத் தூள் கொஞ்சம், உப்பு ஒரு சிட்டிகை, எண்ணெய் இரண்டு ஸ்பூன். சர்க்கரையும் கிடையாது, வெல்லமும் கிடையாது. வெல்லம் நாட்டுச் சரக்கு, ஒன்றும் செய்யாது என்று அம்மா ஆரம்பிப்பாள், விடாதே. எல்லாவற்றையும் பிசைந்து பத்து வடையாகத் தட்டி 350 டிகிரியில் கால் மணி நேரம் வைக்க வேண்டும். 350 என்றதும் பதறாதே, அது அப்பாவின் சுகர் இல்லை, ஃபாரன்ஹீட். இந்த நாட்டில் குளிரை செல்சியஸில் சொல்வார்கள், தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வார்கள், அடுப்புக்கு மட்டும் ஃபாரன்ஹீட். ஏன் என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறார்கள். உனக்கு ஓவன் வேண்டாம். பழைய குக்கரில் கல்லுப்பைக் கொட்டி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, உள்ளே தட்டை வைத்து மூடினால் போதும்.

இதில் இதயத்துக்கு என்ன இருக்கிறது என்றால், ஓட்ஸில் பீட்டா குளுக்கான் என்று ஒரு நார்ச்சத்து. குடலுக்குள் போய்க் கொழகொழவென்றாகி, பித்த நீரை இழுத்துக்கொண்டு வெளியே போய்விடும். புதிதாகப் பித்த நீர் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருக்கும் கொலஸ்ட்ராலை எடுக்கும். ஒரு நாளைக்கு 3 கிராம் உள்ளே போனால் கொலஸ்ட்ரால் குறையும் என்று ஓட்ஸ் டப்பாவில் போட்டுக்கொள்ள 2010-ல் கனடா அரசாங்கமே அனுமதி கொடுத்திருக்கிறது. ஆனால் என் பிஸ்கட் ஒன்றில் அரை கிராம்தான் தேறும். மூன்று கிராமுக்கு ஆறு தின்ன வேண்டும். வாழைப்பழமும் சர்க்கரைதானே, அப்பா ஆறு தின்றால் இதயம் பிழைக்கும், சுகர் எகிறும். காலையில் ஓட்ஸைக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். பிஸ்கட், டீக்கடைப் பக்கம் போகாமல் அவரை வீட்டில் உட்கார வைக்க ஒரு லஞ்சம், அவ்வளவுதான்.

தீபாவளிக்குத் திருவொற்றியூர் பேக்கரிக்கு மைதா, சர்க்கரை, டால்டா எல்லாம் தூக்கிக்கொண்டு போய், அங்கேயே காத்திருந்து தகர டின் நிறைய சுட்டு வாங்கி வருவோமே, அந்த வாசனைக்கு இது கால் தூசு. ஆனால் அந்த டால்டாதான் வில்லன். அதிலிருந்த ட்ரான்ஸ் கொழுப்புக்காக அந்த வகைக் கொழுப்பையே இங்கே 2018-ல் தடை செய்துவிட்டார்கள். நம் நாட்டிலும் 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், வனஸ்பதியில் 2 சதவீதத்துக்கு மேல் ட்ரான்ஸ் கொழுப்பு இருக்கக் கூடாது. அதற்காக டீக்கடை பிஸ்கட் நல்லதாகிவிட்டது என்று அப்பா வக்காலத்து வாங்கினால் நம்பாதே. பாமாயில் அங்கேயேதான் இருக்கிறது.

பிஸ்கட் சுடுவதில் கஷ்டம் மாவில் இல்லை, கூரையில். ஹால் கூரையில் சாசர் அளவுக்கு வெள்ளையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்மோக் அலாரம். மாடிக்கு ஒன்று, படுக்கும் அறைக்கு வெளியே ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம். கழற்றக் கூடாது, பேட்டரியைப் பிடுங்கக் கூடாது, குடியிருப்பவன் கை வைத்தாலும் குற்றம். அதற்கு மூக்கு உண்டு, மூளை கிடையாது. கடுகு வெடிக்கிறவரை பொறுத்துக்கொள்ளும், காய்ந்த மிளகாய் விழுந்தால் அலறும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் அலறும். நெத்திலிக் கருவாட்டை நினைத்தாலே அலறும் என்று உன் தம்பி பெண்டாட்டி சொல்கிறாள். இங்கிலீஷில் ஒரு தடவை "ஃபயர்", பிரெஞ்சில் ஒரு தடவை "ஃபூ". தமிழ்ப் பங்கை நாங்கள் திட்டித் தீர்த்துக்கொள்கிறோம். அவள் வாசற்கதவைத் திறந்து பிடிக்க, பையன் டவலை விசிற, நான் நாற்காலியில் ஏறிப் பட்டனை அமுக்க, வெளியிலிருந்து மைனஸ் பதினைந்து டிகிரிக் காற்று வந்து பிஸ்கட்டை ஆற வைத்துவிடும். பேட்டரி தீரும்போது இன்னொரு கூத்து. பகலில் தீராது. நடுராத்திரிதான் நிமிடத்துக்கு ஒரு "கீச்". எது கீச்சிடுகிறது என்று தெரியாமல் ஆளுக்கொரு அலாரத்தின் கீழே இருட்டில் அண்ணாந்து நிற்போம். இவரா, அவரா என்று சந்தேகப்பட்டு எல்லாரையும் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைப்பது மாதிரி, கடைசியில் எல்லாவற்றுக்கும் பேட்டரி மாற்றுவோம்.

இன்றைக்கு ஷிஃப்ட் இல்லை, மத்தியானம் சுட்டேன். ஓரம் லேசாகக் கறுத்தது, மேலே அலாரம் ஆரம்பித்தது. அதே நொடியில் ஊர் சைரனும் ஆரம்பித்தது. இந்த ஊரும் நம் மணலி மாதிரிதான், சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயன ஆலைகளும் வரிசை கட்டி நிற்கின்றன, 'கெமிக்கல் வேலி', அதாவது ரசாயனப் பள்ளத்தாக்கு என்றே பெயர். இங்கிருந்த செயற்கை ரப்பர் ஆலையைப் பழைய 10 டாலர் நோட்டில் போட்டிருந்தார்கள். நம் ஊரை எந்த நோட்டில் போட்டார்கள், மாமாவைக் கேள். வாரா வாரம் திங்கட்கிழமை பன்னிரண்டரைக்கு அபாயச் சங்கு வேலை செய்கிறதா என்று ஊதிப் பார்ப்பார்கள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. தெருவில் ஒரு தலை எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் மட்டும் வந்தார், பைபாஸ் ஆனவர். ஒரு பிஸ்கட் தின்றார், தண்ணீர் கேட்டார், இன்னொன்றை வேண்டாம் என்றுவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்து அப்படியே வயிற்றெரிச்சலாகிவிட்டது, அக்கா. ஒரு வாழைப்பழம் தீய்ந்ததற்கு இத்தனை கூப்பாடு. நம் மொட்டை மாடியில் பாயைப் போட்டால் விடிய விடிய ஆலை ஃப்ளேர் எரியும், சில ராத்திரி கேஸ் நாற்றம் தொண்டையைக் கரிக்கும், ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பிப் படுப்போம். நம் தெருவில் ஒரு சங்கு ஊதி நான் கேட்டதில்லை. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூரில் அமோனியா கசிந்தபோது பெரியகுப்பம் ஜனங்கள் மூச்சு முட்டித்தானே எழுந்து ஓடினார்கள். இங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்லவில்லை. இதே ஆலைகளுக்கு நடுவில் ஆம்ஜிவ்னாங் என்று பூர்வகுடிகள் ஊர் இருக்கிறது. பென்சீனால் ஆட்களுக்கு உடம்பு சுகமில்லாமல் போய், 2024 ஏப்ரலில் அவர்கள் நெருக்கடி நிலையே அறிவித்தார்கள். ஆனாலும் சங்காவது ஊதுகிறது.

புரட்டாசித் தேருக்கு இந்த வருடமும் வர முடியாது போலிருக்கிறது. வைகுண்டர் கோயிலில் எனக்கும் சேர்த்து நாமம் இட்டுக்கொள். அப்பா கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தாமல் பார்த்துக்கொள், பிஸ்கட் ஒரு நாளும் மாத்திரை ஆகாது.

இன்னொன்று. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு 1989-ல் போட்ட விதியில், ஆலைக்கு வெளியே இருக்கிற ஜனங்களுக்கான அவசரத் திட்டத்தை வருடத்துக்கு ஒரு முறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. ஓட்டு கேட்டு யார் வாசலுக்கு வந்தாலும் ரோடு, குடிநீரோடு இதையும் கேள்: மணலி புதுநகருக்கு ஒரு சைரன், வாரம் ஒரு நாள் ஊதிக் காட்டணும். மாமாவையும் கூட நிறுத்திக்கொள், அவர் குரல்தான் தெருக்கோடி வரை கேட்கும்.

உன் தம்பி