நடுக்குழி நிர்ணயம்

ஐயங்கார்குளத்தில் நடு தாழ்ந்திருப்பது குற்றமில்லை. ஊரின் பெருமையே தரைக்குக் கீழேதான் இருக்கிறது. படியிறங்கிப் போனால் நடவாவிக் கிணறு, அதனுள் தூண் மண்டபம். சித்ரா பௌர்ணமிக்குத் தண்ணீரை இறைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். காஞ்சியிலிருந்து வரதராஜப் பெருமாள் வந்து உள்ளே எழுந்தருள்வார். பக்கத்திலேயே சஞ்சீவிராயர் கோயில். லட்சுமிகுமார தாத்தாசாரியார் வெட்டிய பெரிய குளம். பள்ளத்தைச் சேவிக்கக் கூட்டம் கூடும் இதே ஊரில், குழந்தையின் பிறந்தநாளுக்குக் குக்கரில் சுட்ட கேக் நடுவில் ஓர் அங்குலம் இறங்கிவிட்டால் வீடே துக்கம் காக்கிறது. இந்த முரணே நம் ஆய்வின் தோற்றுவாய்.

முதலில் முன்னோர் சான்றுகள். பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைக்கு யார் தகுதியானவர், யார் தகாதவர் என்று நுணுக்கமாக விதிக்கின்றன. ஏரிக்கு வாரியம் உண்டு, தோட்டத்துக்கு உண்டு, பொன்னுக்கும் உண்டு. கேக்குக்கு இல்லை. சோழர்கள்மேல் பழி சொல்வதற்கில்லை. சரக்கே தாமதமாகத்தான் வந்தது. 1883-இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு சுட்டதே இந்நாட்டின் முதல் கேக் என்று மலையாளிகள் சொல்வார்கள். அதன் நடு எப்படி இருந்தது என்பது பற்றி அவர்கள் வாயைத் திறப்பதில்லை. திறக்காததிலிருந்து நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஊரின் உயரத்தைச் சாக்குச் சொல்வோர் ஒரு சாரார். ஊட்டிக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. மாவுக்குள் வாயு அதிகமாக விரியும், கேக் அவசரமாக ஏறி அதே அவசரத்தில் இறங்கும். காஞ்சிபுரம் வட்டாரமோ கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டரைக்கூடத் தொடாது. சாக்கு தள்ளுபடி செய்யப்படுகிறது.

இனி மெய்க்காரணம். சோடாவிலிருந்து கரியமில வாயு கிளம்பி, அடித்த மாவில் ஏற்கெனவே உள்ள காற்றுக்குமிழ்களுக்குள் புகுந்து அவற்றை ஊதிப் பெருக்குகிறது. மாவு எழும்புகிறது. ஆனால் எழும்புவது வேறு, நிற்பது வேறு. மைதாவின் மாச்சத்து நீரைக் குடித்து வீங்கி, முட்டையின் புரதம் இறுகினால்தான் குமிழ்களுக்குச் சுவர் கிடைக்கும். சர்க்கரை கூடக்கூட அந்த இறுக்கம் தாமதமாகும். ஓரம் பாத்திரச் சூட்டில் முதலில் வெந்துவிடுகிறது. நடுவுக்குச் சூடு கடைசியில்தான் போய்ச் சேர்கிறது. ஓரம் வீடு கட்டி முடித்த வேளையில் நடுவில் இன்னும் பந்தல்தான் நிற்கிறது. அப்போது அடுப்பை அணைத்தாலோ மூடியைத் திறந்தாலோ வாயு குளிர்ந்து சுருங்கும், பந்தல் சரியும். சோடா அதிகமானால் குமிழ்கள் பெருத்து, ஒன்றோடொன்று சேர்ந்து உடைந்துபோவது இன்னொரு காரணம். 1843-இல் பர்மிங்ஹாமின் ஆல்ஃபிரட் பேர்ட், ஈஸ்ட்டும் முட்டையும் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகப் பேக்கிங் பவுடரைக் கண்டுபிடித்தார். மனைவிக்கு இவ்வளவு செய்த மனிதர், நம் வீடுகளில் அதைக் கரண்டியில் கோபுரமாக அள்ளிப் போடுவார்கள் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

தடுப்பு முறையில், வைணவத்தில் உள்ளதுபோலவே, இரண்டு சம்பிரதாயங்கள். காஞ்சி மண்ணில் இதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குட்டி தாயைப் பற்றிக்கொள்வது குரங்கு நியாயம். தாய் குட்டியைக் கவ்விச் செல்வது பூனை நியாயம். கேக் விஷயத்தில் குரங்கு நியாயத்தார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் தூக்கிப் பார்த்து, ஈர்க்குச்சியால் குத்தி, பாத்திரத்தைத் திருப்பி வைத்துத் தம் முயற்சியால் அதைக் கரையேற்றப் பார்ப்பவர்கள். பூனை நியாயத்தார் அடுப்பிடம் ஒப்படைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். நம் தீர்ப்பு சமரசமானது: மாவு அடுப்பேறும்வரை குரங்கு, ஏறிய பின் பூனை.

குரங்குப் பகுதியில் செய்யவேண்டியவை சில. ஒரு கப் மைதாவுக்கு ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், தலைதட்டி; வெறும் ஆப்ப சோடா என்றால் கால் டீஸ்பூன், அதற்கும் தயிரோ எலுமிச்சையோ போலப் புளிப்பு ஒன்று துணை வேண்டும். டின்னில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மாவு கூடாது. குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, உப்பையோ மணலையோ பரப்பி, பத்து நிமிடம் முன்சூடு. மைதா சேர்த்த பிறகு இட்லி மாவென்று நினைத்துக் கலக்கக் கூடாது. டூட்டி ஃப்ரூட்டி அடியில் போய் உட்காருவது தனி வியாதி. கொஞ்சம் உலர்ந்த மைதாவில் புரட்டிப் போட்டால் பெரும்பாலும் நிற்கும்.

பூனைப் பகுதியில் செய்யவேண்டியது ஒன்றுமில்லை, அதுதான் கஷ்டம். ஓடிஜியில் சுடும்போது கரண்ட் போனாலும் கதவைத் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் சூடுதான் அப்போதைக்கு உங்கள் சொத்து.

இத்தனைக்கும் மீறி இறங்கினால்? குழியில் கிரீமை நிரப்பி, மேலே ஜெம்ஸ் மிட்டாயைப் பரப்புவது வழக்கம். குழந்தைகள் அந்தத் துண்டுக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். ஆனால் நடு பச்சைமாவாக இருந்தால் கிரீம் எதையும் காப்பாற்றாது; அதை வெட்டி எடுத்துவிடுங்கள், ஓரம் நன்றாகவே இருக்கும். அடுத்த முறை, முதல் முப்பது நிமிடம் மூடியைத் தொடாதீர்கள். பிறகு நடுவில் குத்திய ஈர்க்குச்சி மாவு ஒட்டாமல் வரும்வரை அடுப்பை அணைக்காதீர்கள், ‘ஆச்சா?’ என்று கேட்பவர் மாமியாராகவே இருந்தாலும்.