காப்பிக்கு 5, டீப்பாய்க்கு 18

பெறுநர்:
ஜிஎஸ்டி மன்றத்தின் மாண்புமிகு தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
புது தில்லி.

பொருள்: கூடத்தில் வைக்கும் டீப்பாய் ஒன்றின் குலம், கோத்திரம், வரி விகிதம் ஆகியவற்றைத் தெளிவுபடுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 03.09.2025 அன்று நடந்த தங்கள் 56-ஆவது கூட்டத்தின் முடிவுகள்.

மதிப்பிற்குரியோரே,

மதுரையில் சோபா உள்ள வீடுகளுக்கு இப்போது டீப்பாய் இல்லாமல் ஆவதில்லை. அப்பா காலத்துக் கண்ணாடி டீப்பாய் அல்ல. மேலே கனமான கல், கீழே கறுப்பு இரும்புக் கால், பார்த்தால் இத்தாலியில் எவரோ வரைந்து கொடுத்த மாதிரி இருக்க வேண்டும். ஷோரூமில் அதன் கழுத்தில் தொங்கும் விலைச் சீட்டைப் படித்தவர்கள் சத்தம் காட்டாமல் வெளியே வந்து, எதிர்க்கடையில் ஒரு ஜிகர்தண்டா குடித்து நெஞ்சை ஆற்றிக்கொள்கிறார்கள்.

அதே தோற்றத்தைச் சிக்கனமாக வரவழைக்க எங்கள் ஊருக்கு வழி தெரியும். காயலான் கடைகளில் பழைய மிதி தையல் மெஷின்களின் கால்கள் கிடைக்கும். கொடிகொடியாய் வளைந்த வார்ப்பிரும்பு வேலைப்பாடு. மீனாட்சியம்மன் கோயில் புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே உட்கார்ந்து தைத்தவர்கள் குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிவிட்டார்கள்; ஊர் முழுக்க மெஷின்களுக்கு மோட்டார் வந்துவிட்டது. மிதிக்க ஆளில்லாத கால்கள் எடைக்குப் போகின்றன.

அந்தக் கால் இரண்டேகால் அடிக்கு மேல் நிற்கும். டீப்பாய் ஒன்றரை அடிக்கு மேல் போனால் சோபாவில் உட்கார்ந்தவர் டம்ளரை எடுக்கக் கையை உயர்த்த வேண்டியிருக்கும். ஆகவே கீழே அறுத்தாக வேண்டும். வார்ப்பிரும்பு வெல்டிங்குக்கு லேசில் மசியாது, சூடு பட்டால் கீறல் விடும். எங்கள் தெரு ஆசாரி கிரைண்டரால் நிதானமாக அறுத்து, குறுக்கே ஆங்கிள் கொடுத்து போல்ட் போட்டு முடுக்கிவிடுகிறார். துருவைத் தேய்த்து ரெட் ஆக்சைடு, அதன்மேல் பளபளக்காத கறுப்பு பெயின்ட். மேல்பலகைக்கு கிரானைட் கடையின் பின்பக்கம் குவித்திருக்கும் கட் பீஸ். யாரோ வீட்டு அடுப்படி மேடைக்கு அறுத்தது போக மிஞ்சியது. நாலடிக்கு இரண்டடி, 18 மில்லிமீட்டர் கனம் என்றால் ஏறக்குறைய 36 கிலோ வரும். அந்தக் கனத்துக்கு ஆணி எதற்கு? நாலு மூலையிலும் சிலிகோன் வைத்து உட்கார வைத்தால் போதும். விளிம்பை மட்டும் அரைவட்டமாக உருட்டிப் பாலிஷ் போட்டுவிட வேண்டும். டிசைனர் என்கிற சங்கதி முக்கால்வாசி அந்த விளிம்பில்தான் இருக்கிறது.

இதுவரை ஆசாரி வேலை. இனி தங்கள் வேலை.

அப்படி ஆசாரி எனக்குச் செய்து தந்த டீப்பாயைப் பார்த்த ஒரு பர்னிச்சர் கடைக்காரர், மாதம் நாலு கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பில்லில் என்ன பெயர் எழுதுவது என்று மூவரும் தங்கள் விகிதப் பட்டியலைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். தெளிவு பெறலாமென்று உட்கார்ந்தவர்களுக்குப் பக்தி வந்துவிட்டது.

முதலில் அந்தக் கால். 2025 செப்டம்பர் 22 முதல் தையல் மெஷினுக்கு வரி 12-லிருந்து 5 சதவீதம். மெஷினுக்கு மட்டுமல்ல, அதற்கென்றே வடிவமைத்த மேசைக்கும் அடித்தாங்கிக்கும் அதே 5. தயவுக்கு நன்றி. ஆனால் அந்தக் காலே எடைக்கடைக்குப் போனால் பழைய இரும்பு, 18. அங்கிருந்து மீண்டு வந்து தலையில் கிரானைட்டைச் சுமந்தால் பர்னிச்சர், மறுபடி 18. ஒரே இரும்பு, ஒரே வளைவு, ஒரே துரு. மேலே தைத்தால் 5, மேலே காப்பி குடித்தால் 18. டீப்பாயின் ஓரத்தில் ஒரு பழைய தையல் மெஷினையும் பொருத்திக் கொடுத்துவிடலாமா என்று ஆசாரி கேட்கிறார். சட்டையில் பொத்தான் அறுந்த விருந்தாளிக்கு உதவும் என்பது அவர் வாதம்.

அடுத்து கல். கிரானைட் பாளத்துக்கு 12-லிருந்து 5 ஆக்கினீர்கள். அதே பாளத்தை அறுத்துப் பலகையாக்கினால் 18. லாரியில் முழுசாக ஏறும் மலைக்கு 5, கூடத்துக்குள் நுழையும் துண்டுக்கு 18. அறுக்காமல் பாளத்தையே கூடத்தில் இறக்கிவிடலாமென்றால் வீட்டுத் தரை தாங்காது.

பாளம் என்றதும் எங்கள் மாவட்டத்துக்காரனுக்கு மேலூர் நினைவு வராமல் இருக்காது. கீழவளவுப் பக்கம் போய்ப் பாருங்கள், குன்று இருந்த இடத்தில் குளம் இருக்கும். சட்டவிரோத குவாரிகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அன்றைய ஆட்சியர் சகாயம் 2012-ல் எழுதினார். 2014-ல் உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக்கி விசாரிக்கச் சொன்னது. மறு ஆண்டு அறிக்கையும் கொடுத்தார். மலையாகப் போனபோது பில் கேட்க ஆளில்லை. அடுப்படி மேடையில் மிஞ்சிய எட்டு சதுர அடிக்கு மட்டும் அரசாங்கம் விழித்துக்கொள்கிறது.

கல்லிலேயே இன்னொரு வாசல் இருக்கிறது. கல் சிலைக்கும் பீடத்துக்கும் 5 சதவீதம்தான். ஆகவே டீப்பாயின் நடுவில் ஒரு சின்னப் பிள்ளையாரை எழுந்தருளச் செய்து, இதைப் பீடம் என்று பில் போட நினைத்தோம். அவரைச் சற்று நகர்த்தி வைத்துவிட்டுக் காப்பி டம்ளரை வைத்தால் அந்த நேரத்துக்கு மட்டும் 13 சதவீதம் வித்தியாசத்தைக் கட்ட வேண்டுமா, அல்லது அவருக்கும் ஒரு டம்ளர் வைத்துவிட்டால் பிரசாதக் கணக்கில் போய்விடுமா என்பதைத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன். முக்குறுணி அரிசியில் கொழுக்கட்டை வாங்கிக்கொள்ளும் பிள்ளையார் உள்ள ஊர் இது. ஒரு டம்ளர் காப்பிக்கு மறுக்க மாட்டார்.

கல் வேண்டாம், மரம் போடலாமே என்பீர்கள். மரத்தின் கதை இதைவிட ருசி. விறகுக்கு வரியே கிடையாது. அதே புளியங்கட்டை மரக்கடையில் இருந்தால் 18. விறகுக் கடையில் நல்ல கட்டையாகப் பார்த்து வாங்கி, சாமில்லில் கொடுத்துப் பலகையாக்குகிறவனை எந்தப் பிரிவில் பிடிப்பீர்கள்? எரிக்காமல் விட்ட குற்றத்துக்கா? காரைக்குடிப் பக்கம் போனால் இடித்த வீடுகளின் பர்மா தேக்குக் கதவுகள் சாத்தி வைத்திருப்பார்கள். 100 வயதைத் தாண்டிய தொல்பொருள் என்றால் 5 சதவீதம். ஆக, தொண்ணூற்றொன்பது வயதுக் கதவை வாங்கியவர் ஒரு வருஷம் பரணில் போட்டு வைத்தால் புத்திசாலி. முழுக்க மூங்கிலிலோ பிரம்பிலோ செய்த மேசைக்கும் 5 சதவீதம். முழுக்க என்றால் எவ்வளவு முழுக்க? ஆடாமலிருக்க இரண்டு ஆணி அடித்தால் மூங்கில் தன் ஜாதியை இழந்துவிடுமா? ஆசாரிக்கு இதில் தூக்கம் போய்விட்டது.

இவ்வளவுக்கும், அதன்மேல் வைக்கும் இன்ஸ்டன்ட் காப்பித் தூளுக்கு 18-லிருந்து 5 ஆக்கிவிட்டீர்கள். டம்ளருக்கும் டவராவுக்கும் 12-லிருந்து 5. காப்பி 5, டம்ளர் 5, அதை வைக்கிற இடம் 18. கையிலேயே பிடித்துக்கொண்டு குடியுங்கள் என்று மன்றம் சொல்லாமல் சொல்கிறது.

இதையெல்லாம் நக்கல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பன்னுக்கு வரியில்லை, உள்ளே க்ரீம் தடவினால் 18 என்று 2024-ல் கோவையில் ஓர் ஓட்டல்காரர் தங்கள் தலைவரான மத்திய நிதியமைச்சரிடம் சிரிக்கச் சிரிக்கக் கேட்டதும், மறுநாளே அவர் கைகூப்பி நின்ற காணொளி நாடெங்கும் ஓடியதும் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆகவே முன்கூட்டியே கைகூப்பிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பழைய கணக்கையும் மறக்கவில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது மர நாற்காலியும் மேசையும் 28 சதவீதப் பந்தியில், ஏசிக்கும் சிமென்ட்டுக்கும் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டன. நவம்பரில் குவாஹாத்தியில் கூடி 18-க்கு இறக்கினீர்கள். 2025-ல் ஏசியும் சிமென்ட்டும்கூட 18-க்கு இறங்கி வந்துவிட்டன. பழைய பந்திச் சிநேகிதர்கள் மறுபடி பக்கத்தில். மேசை மட்டும் எட்டு வருஷமாக எழுந்திருக்கவில்லை.

ஆசாரியின் நிலைமைதான் என்னை எழுத வைத்தது. அவருடைய ஆண்டு வியாபாரம் 40 லட்சத்துக்கு எங்கோ கீழே, ஆகவே பதிவு வேண்டாம் என்று தாங்களே விலக்கு அளித்திருக்கிறீர்கள். பெருந்தன்மைதான். ஆனால் அவர் வாங்கும் பிளைவுட், பசை, திருகாணி, பெயின்ட், கல் எல்லாவற்றிலும் 18 ஒட்டிக்கொண்டு வருகிறது. 5,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தால் 900 ரூபாய் வரி. பதிவு செய்த பெரிய கம்பெனி அந்த 900-ஐ உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ளும். இவர் கழிக்க முடியாது, விலையில் ஏற்றுவார். நேராக வீட்டுக்காரருக்கு விற்றால் கூலிக்கு வரியில்லை என்ற லாபமாவது உண்டு, அதை மறுக்கவில்லை. கடைக்குக் கொடுத்தால்தான் விவகாரம். கடைக்காரர் மொத்த விலைக்கும் 18 போடுவார். அந்த மொத்தத்துக்குள் இவர் ஏற்கெனவே கட்டிய 900-ம் குந்தியிருக்கும். 900-க்கு 18 சதவீதம் 162 ரூபாய். வரிக்கு வரி. இந்த வரிமேல் வரியை ஒழிக்கத்தானே 2017 ஜூன் 30 நள்ளிரவில் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் விளக்கெல்லாம் போட்டு விழா எடுத்தீர்கள்?

தானாக முன்வந்து பதிவு செய்யலாமே என்பீர்கள். செய்யலாம். விற்பனைக்கு ஒரு படிவம், வரி கட்ட ஒரு படிவம், அவற்றை நிரப்ப ஓர் ஆடிட்டர், ஆடிட்டருக்குக் கட்டணம், தேதி தவறினால் தாமதக் கட்டணம். உளியைப் பிடித்த கையில் அதற்கெல்லாம் நேரமில்லை. ஒரு சதவீத காம்போசிஷன் திட்டம் இருக்கிறதே என்றால், அதிலும் உள்ளீட்டு வரி திரும்ப வராது. இதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆசாரி சொன்னார்: “பில்லு வேணும்னா பெரிய கடைக்குப் போகச் சொல்லுங்கண்ணே. நம்மகிட்ட டீப்பாய் மட்டுந்தான் இருக்கு.” கடைக்காரர் ஆர்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதை நேரிலேயே சொல்லியிருக்கலாம். 2022 ஜூன் இறுதியில் சண்டிகரில் கூடியபோது, அடுத்த கூட்டம் ஆகஸ்ட் முதல் வாரம் மதுரையில் என்று அறிவித்தீர்கள். அப்போதைய மாநில நிதியமைச்சர் மதுரை மத்திய தொகுதிக்காரர். நாங்களும் பூரித்துப்போனோம். ஆகஸ்ட் வந்தது, ஆவணி வந்தது, அழகர் மட்டும் அடுத்த சித்திரையில் தவறாமல் வந்தார். தங்கள் 48-ஆவது கூட்டம் அந்த 2022 டிசம்பர் 17-லேயே காணொளியில் முடிந்துவிட்டது. காணொளியில் ஒரு வசதி, எவர் முன்னாலும் எங்கள் ஊர் மேசை இருக்க வேண்டியதில்லை.

எங்களுக்கு எதுவுமே செய்யவில்லை என்று சொல்லவில்லை. பாக்கெட் பரோட்டாவுக்கு 18 இருந்ததை அடியோடு எடுத்தீர்கள். கடையில் உட்கார்ந்து சால்னாவோடு தின்றால் 5 என்றாலும், பரோட்டா தின்றே வளர்ந்த ஊர் அதைக் கணக்கில் வைத்திருக்கிறது.

கோரிக்கை ஒன்றுதான். அதே 56-ஆவது கூட்டத்தில் செருப்புக்கும் ஆடைக்கும் ஒரு கோடு போட்டீர்கள்: 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேலே 18. காலில் போடுவதற்கு விலை பார்த்து வரி விதிக்கத் தெரிந்தவர்களுக்கு, கால் வைத்த பலகைக்கும் அப்படிச் செய்யத் தெரியாமலா போகும்? மேசை, நாற்காலி, கட்டிலுக்கும் அப்படி ஒரு விலைக் கோடு போடுங்கள். கோட்டுக்குக் கீழே எல்லாம் 5 என்று வையுங்கள். மேலே கல்லா, மரமா, மூங்கிலா, பிள்ளையார் இருக்கிறாரா என்று யாரும் கேட்க வேண்டாம். பதிவில்லாத ஆசாரியிடம் கடைக்காரர் வாங்கும்போது, சரக்கில் ஏற்கெனவே கட்டிய வரிக்கு ஒரு குத்துமதிப்பான தொகையைக் கழித்துக்கொள்ளவும் வழி செய்யுங்கள். அந்த 162 ரூபாய் இல்லாமல் அரசாங்கம் நின்றுவிடாது.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பில் கிடைக்காத டீப்பாயின் சொந்தக்காரன்,
மதுரை.