கடலில் செத்த குதிரைக்கும் காசு

அபுதாபி

அன்புள்ள மாமாவுக்கு மாப்பிள்ளை எழுதுவது. 

"அம்புட்டுப் பெரிய அரபி வீட்டில் கார் ஓட்டுகிறாய், உன் கையில் மட்டும் ஏன் காசு தங்கவில்லை?" என்று வாட்ஸப்பில் கேட்டிருந்தீர்கள். போனில் பதில் சொன்னால் சண்டையில் முடியும். அதனால்தான் கடுதாசி.

முதலில் இங்குள்ள பணம் எப்பேர்ப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2008ல் அபுதாபியில் '1' என்ற ஒற்றை எண் போட்ட கார் நம்பர் பிளேட் 5 கோடியே 22 லட்சம் திர்ஹாமுக்கு ஏலம் போனது. 2023ல் துபாயில் 'பி 7' அதையும் தாண்டி 5 கோடியே 50 லட்சம் திர்ஹாம். நம்ம காசுக்கு 120 கோடிக்கு மேல். காருக்கு இல்லை மாமா, தகட்டுக்கு மட்டும். உடனே வையாதீர்கள். பி 7 ஏலப் பணம் பசித்தவர்களுக்குச் சோறு போடும் நிதிக்குப் போனது. தர்மத்துக்குத் தர்மமும் ஆச்சு, சிக்னலில் பக்கத்துக் கார்க்காரன் வயிறு எரியவும் ஆச்சு.

எங்கள் முதலாளியிடம் ராஜாளி ஒன்று இருக்கிறது. அதற்குப் பாஸ்போர்ட் உண்டு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, இங்கு ராஜாளிக்கெல்லாம் சர்க்காரே பாஸ்போர்ட் கொடுக்கிறது. அவற்றுக்கென்றே தனி ஆஸ்பத்திரியும் உண்டு. நகம் வெட்டுவார்கள், ஒடிந்த சிறகுக்கு வேறு சிறகு ஒட்டுவார்கள். முக்காடு போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் அந்த நோயாளிகளைப் பார்த்தால் நம்ம பெரியாஸ்பத்திரி ஞாபகம் வரும். ஒரே வித்தியாசம், இங்கு யாரும் முண்டியடிப்பதில்லை.

விருந்து என்று வந்துவிட்டால் இவர்களை அடிக்க ஆள் கிடையாது. தாம்பாளம் நிறைய சோறு, மேலே முழு ஆடு. விருந்தாளி எழுந்த பிறகு அதே ஆடுதான் டிரைவருக்கும் தோட்டக்காரருக்கும். கஹ்வா என்கிற அரபிக் காப்பியை மட்டும் கால் கிண்ணம்தான் ஊற்றுவார்கள். நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தமாம். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். புதிதாக வந்த மேலூர்ப் பையனுக்கு இது தெரியாது. வேண்டாம் என்று சொன்னால் மரியாதைக் குறைவு என்று நினைத்து ஊற்ற ஊற்றக் குடித்தான். ராத்திரி முழுக்கத் தூக்கம் வராமல் ஏ.சி.யைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

ரம்ஜானில் ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசலில் தினமும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நோன்பு திறக்கச் சாப்பாடு. நீ யார், எந்த மதம் என்று கேட்பதில்லை. தை மாதத்தில் நம்ம வடக்கம்பட்டி முனியாண்டி கோயிலில் தூக்குவாளியோடு போய் நிற்கிறவனிடம் யார் என்ன கேட்கிறார்கள்? பிரியாணி வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெருநாளன்று முதலாளி எல்லோருக்கும் புது நோட்டுக் கொடுப்பார். அத்தர், பேரீச்சம்பழம், என் மகளுக்குச் சட்டை, எல்லாம் வரும். அவராகக் கொடுத்தால் 500 திர்ஹாம் பெரிய காசில்லை. நானாகச் சம்பளத்தில் 50 திர்ஹாம் ஏற்றிக் கேட்டால், ஒப்பந்தத்தைத் தேடிக் கண்ணாடி போடுகிறார். வந்தபோது பேசிய சம்பளம்தான் இன்றைக்கும். இனாம் கொடுத்தால் அவர் வள்ளல். சம்பளம் கொடுத்தால் வெறும் முதலாளிதானே, அதில் என்ன பெருமை? அரபியை மட்டும் சொல்லிப் பயனில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு நீர்மோர்ப் பந்தல் போட்டுப் பானை பானையாக ஊற்றுகிற நம்மூர் மில்காரர், சனிக்கிழமை கூலியை எப்படி எண்ணுவார் என்று உங்களுக்குத் தெரியாததா?

ஒருநாள் காரில் போகும்போது முதலாளி அந்தக் காலத்து அரபு வள்ளல் ஹாத்திம் தாயி கதையைச் சொன்னார். வீட்டில் வேறொன்றும் இல்லாததால் தன் அருமைக் குதிரையையே அறுத்து விருந்து வைத்தாராம். சாப்பிட்டு முடித்த விருந்தாளிகள், "அந்தக் குதிரையைக் கேட்கத்தான் வந்தோம்" என்றார்களாம். நான் விடுவேனா? சிங்கம்புணரிப் பக்கம் பிரான்மலையைச் சொல்லி, முல்லைக்கொடிக்குத் தேரையே விட்டுவிட்டு வந்த பாரியைச் சொன்னேன். வெகுநேரம் யோசித்தவர், "பிறகு வீட்டுக்கு எப்படிப் போனார்?" என்று கேட்டார். டிரைவர் வைத்திருப்பவர், அவருக்கு அதுதானே தோன்றும்!

அடுத்ததாக நம்ம மாறவர்மன் குலசேகர பாண்டியனை எடுத்துவிட்டேன். அப்போது வளைகுடா வியாபாரிகள் காயல் துறைமுகத்துக்குக் குதிரை கொண்டுவருவார்கள். ஒன்றுக்கு 220 பொன் தினார் விலை என்று பாரசீகத்து வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதி வைத்திருக்கிறார். வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியன் கஜானாவே காசு கொடுத்ததாம். கரை சேர்ந்ததும் பராமரிக்கத் தெரியாமல் ஒரு வருஷத்துக்குள் பெரும்பாலும் செத்துப்போனதாம், அது மார்க்கோ போலோ சொன்னது. மறு வருஷம் புது ஆர்டர்!

முதலாளி கண்ணில் நீர் வரச் சிரித்தார். வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். சிரிப்பு அடங்கியதும் முன்னால் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "அந்தக் குடும்பத்தில் இப்போது யாராவது இருக்கிறார்களா?"

மற்றவை அடுத்த கடிதத்தில்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை