வரி போட்ட தொப்பிக்காரரும் வரிந்துகட்டிய கவர்னரும்

1857 எழுச்சியை ஒருவழியாக அடக்கிவிட்டு, கஜானாவைத் திறந்து பார்த்தார்கள் பிரிட்டிஷ்காரர்கள். துடைத்து வைத்த மாதிரி இருந்தது! பட்டாளம், பீரங்கி, கப்பல் என்று சண்டைச் செலவு கோடிக்கணக்கான பவுண்ட். பில்லை யார் தலையில் கட்டுவது? இதென்ன கேள்வி, உதை வாங்கிய இந்தியா தலையில்தான்!

வசூலுக்கு வழி சொல்ல லண்டனிலிருந்து ஒரு ஸ்பெஷலிஸ்ட் வந்து இறங்கினார். பெயர் ஜேம்ஸ் வில்சன். 1843-ல் 'எகானமிஸ்ட்' பத்திரிகையை ஆரம்பித்த மேதை. அதற்கு முன்னால் தொப்பி வியாபாரி. நடுவே அவுரிச் சாயத்தில் சூதாட்டம் போலப் பணத்தைப் போட்டு, சொத்தில் பெரும்பகுதியைக் கோட்டைவிட்டவர். ஒரு தேசத்தின் கல்லாப்பெட்டியை ஒப்படைக்க இதைவிட அனுபவசாலி கிடைப்பாரா?

1860 பிப்ரவரியில் பட்ஜெட் போட்டார். வருஷ வருமானம் 200 ரூபாயிலிருந்து 2 சதவீதம். 500-ஐத் தொட்டால் 4. 'ஐந்தே வருஷத்துக்குத்தான்' என்ற சமாதானம் வேறு. வரி வாங்குவதற்குச் சாட்சியாக மனுவைக்கூட இழுத்து வந்தார். ஸ்காட்லாந்துத் தொப்பிக்காரர் வாயில் மனுதர்மம்! பணமுடை மனிதனை எவ்வளவு படிக்க வைக்கிறது பாருங்கள்.

இங்கே மெட்ராஸில் கவர்னர் சர் சார்லஸ் ட்ரெவெல்யன் கொதித்தார். சென்ட்ரல் பக்கத்தில் ஜனங்களுக்காக 'பீப்பிள்ஸ் பார்க்' போட்டுக் கொடுத்தாரே, அதே மனிதர். வேடிக்கை என்னவென்றால், இருவரும் லண்டன் கருவூலத்தில் வருஷக்கணக்கில் ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவர்கள். பழைய ஆபீஸ் நண்பரின் யோசனையை நல்லது என்று ஒப்புக்கொண்டவர் உலகத்தில் உண்டா?

'புது வரி ஆபத்து; பட்டாளச் செலவைக் குறையுங்கள்' என்று காரசாரமாகக் குறிப்பெழுதினார் ட்ரெவெல்யன். அதில் நியாயமும் இருந்தது. எழுதியவர் அதைக் கல்கத்தாவுக்கு அனுப்பியதோடு நின்றிருக்கலாம். பத்திரிகைக்கும் கொடுத்துவிட்டார்! இன்றைக்கு ஒரு மாநிலத் தலைமைச் செயலாளர் ரகசிய ஃபைலை ட்விட்டரில் போட்டால் எப்படி இருக்கும்? இத்தனைக்கும், அரசு அதிகாரிகளை எப்படித் தேர்ந்தெடுத்து ஒழுங்குபடுத்துவது என்று 1854-ல் பிரிட்டனுக்கே அறிக்கை எழுதிய இருவரில் ஒருவர் இந்தப் புண்ணியவான்தான்.

லண்டன் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. இலங்கை கவர்னர் சர் ஹென்றி வார்டு அந்த இடத்துக்கு வந்தார். பாவம், ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஆகஸ்ட் 2 அன்று காலராவில் போய்ச் சேர்ந்தார். ஒன்பது நாள் கழித்து, கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பில் வில்சனும்! சட்டம் நிறைவேறி மூன்று வாரம்கூட ஆகவில்லை. தான் போட்ட வரியை வசூலித்துப் பார்க்க மனிதருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

கதை இங்கேதான் சூடுபிடிக்கிறது. 1863-ல் இந்தியாவின் நிதிப் பொறுப்பை ஏற்கக் கல்கத்தாவுக்கு ஒருவர் வந்தார். யார் என்கிறீர்கள்? நம்ம ட்ரெவெல்யனேதான்! முதல் வேலையாக வரியைத் தலைமுழுகியிருப்பார் என்றுதானே நினைப்போம்? நாற்காலியில் உட்கார்ந்து கணக்கைப் புரட்டினார். 4 சதவீதத்தை 3 ஆக்கினார். மிச்சத்தை, வேலையையே பறிகொடுத்து எதிர்த்த அதே வரியை, சமர்த்தாக வசூலித்துக்கொண்டிருந்தார்.

1865-ல் கெடு முடிந்து வரி செத்தது. 1869-ல் எழுந்து உட்கார்ந்தது.